ஜிடிஏ 6: கன்சோலிலேயே ஆடுவதா, பிசிக்குக் காத்திருப்பதா?

8 நவம்பர் 2025, காலை (கேள்வி)
ராக்ஸ்டார் நிறுவனம் ஜிடிஏ 6 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6) ஆட்டத்தை மறுபடியும் தள்ளிப்போட்டுவிட்டது. இப்போது சொல்லும் தேதி 2026 நவம்பர் 19. அறிவிப்பில் இருப்பது பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5), எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் மட்டும். என்னிடம் கன்சோல் கிடையாது. ரைசன் 5 3600 சிபியு, 16 ஜிபி ரேம், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு உள்ள பிசி இருக்கிறது. கன்சோலில் விநாடிக்கு 30 பிரேம்தான், பிசியில் 60-க்கு மேல் போகும். அதனால் இப்போதே ஒரு பெரிய கார்டு வாங்கிப் போட்டுவிட்டுப் பிசி பதிப்புக்குக் காத்திருக்கலாம் என்பது என் கணக்கு. இதில் ஓட்டை எங்கே?

8 நவம்பர், இரவு (பதில்)
ஓட்டை இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது, பிசி பதிப்பு என்று எதையும் ராக்ஸ்டார் இதுவரை அறிவிக்கவில்லை. தேதியும் இல்லை, என்ன வன்பொருள் வேண்டும் என்ற பட்டியலும் இல்லை. இல்லாத பட்டியலுக்குக் கார்டு வாங்குவது அளவெடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி.

இரண்டாவதுதான் பெரியது. கன்சோலில் 30 என்றால் அதற்குக் காரணம் கிராபிக்ஸ் சிப் என்று எடுத்துக்கொண்டீர்கள். இந்த வரிசை ஆட்டங்களில் பெரும்பாலும் முட்டுவது சிபியு. தெருவில் நடக்கும் ஆட்கள், வண்டிகள், மோதல் கணக்கு, நகரத்தின் அடுத்த துண்டை எஸ்எஸ்டியிலிருந்து எடுத்து விரிப்பது, ரே டிரேசிங்குக்கான (ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து நிழலும் பிரதிபலிப்பும் வரையும் முறை) தரவு மரத்தை ஒவ்வொரு பிரேமுக்கும் புதுப்பிக்கும் வேலையில் ஒரு பங்கு, எல்லாம் சிபியு தலையில். 30 பிரேமுக்கு ஒரு பிரேமுக்கான நேரம் 33.3 மில்லிவிநாடி. 60 வேண்டுமானால் அதே வேலை 16.7-க்குள் முடிய வேண்டும். உங்கள் 3600-இல் அது முடியாவிட்டால் எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அது சும்மா உட்கார்ந்திருக்கும்.

9 நவம்பர்
தேதி விஷயத்தில் பழைய வரலாறு தெளிவாக இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஜிடிஏ 4 கன்சோலுக்கு 2008 ஏப்ரல் 29, பிசிக்கு அதே ஆண்டு டிசம்பர். ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பர் 17, பிஎஸ்4 தலைமுறைக்கு 2014 நவம்பர் 18, பிசிக்கு 2015 ஏப்ரல் 14. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கன்சோலுக்கு 2018 அக்டோபர் 26, பிசிக்கு 2019 நவம்பர் 5.

அதாவது ஏழு மாதம், பத்தொன்பது மாதம், ஒரு வருடம். இதே இடைவெளியை 2026 நவம்பரில் ஒட்டவைத்தால் மிக முன்னதாக 2027 ஜூன், மிகத் தள்ளி 2028 ஜூன். இது வெறும் கூட்டல்தான், வாக்குறுதி இல்லை. ஆனால் இந்தக் கூட்டல் சரி என்றால், இன்றைக்குக் கார்டு வாங்கினால் குறைந்தது ஒன்றரை வருடம் அது இந்த ஆட்டத்துக்குப் பயன்படாது.

11 நவம்பர்
"கன்சோலுக்கு இணையான பிசி எது" என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாக: பிஎஸ்5-இன் சிபியு 8 கோர் ஜென் 2 (ஏஎம்டியின் சிபியு வடிவமைப்பு, உங்கள் 3600-உம் அதுதான்), அதிகபட்சம் 3.5 கிகாஹெர்ட்ஸ். ஜிபியுவில் (கிராபிக்ஸ் சிப்) 36 கம்ப்யூட் யூனிட் (கணக்குப் போடும் தொகுதி), 2.23 கிகாஹெர்ட்ஸ் வரை. சிபியுவும் ஜிபியுவும் பகிரும் பொது நினைவகம் 16 ஜிபி ஜிடிடிஆர்6 (கிராபிக்ஸ் கார்டு வகை நினைவகம்), விநாடிக்கு 448 ஜிபி. சீரிஸ் எக்ஸில் 52 யூனிட், 1.825 கிகாஹெர்ட்ஸ், சிபியு 3.8 வரை. பிசி உலகில் பிஎஸ்5-க்குப் பக்கத்தில் நிற்பது ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி கார்டு.

சிபியுவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "ஜென் 2 தானே, ரைசன் 3700எக்ஸ் மாதிரி" என்று பலரும் எழுதுகிறார்கள். கடையில் விற்ற 3700எக்ஸில் எல்3 கேஷ் (சிபியுவுக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 32 எம்பி. கன்சோல் சிப்பில் 8 எம்பி மட்டும். அதோடு ஜிடிடிஆர்6 அகலமானது, ஆனால் சிபியு கேட்கும்போது பதில் வர பிசி ரேமான டிடிஆர்4-ஐவிடத் தாமதமாகும். இயங்குதளத்துக்கென்று ஒரு பங்கு ஒதுக்கிவிடுவதால் எட்டு கோர்களும் முழுதாக ஆட்டத்துக்குக் கிடைப்பதில்லை. ஆகவே உங்கள் 3600-க்கு ஆறு கோர்தான் என்றாலும் ஒவ்வொரு கோரும் கன்சோல் கோரைவிட வேகமானது.

இதை வைத்துக் கன்சோலைக் குறைத்து எடைபோட வேண்டாம். கன்சோலில் டிரைவர் சுமை குறைவு, சுருக்கிய தரவை விரித்தெடுக்கும் வேலைக்குத் தனி வன்பொருள் இருக்கிறது. பிஎஸ்5 எஸ்எஸ்டி விநாடிக்கு 5.5 ஜிபி படிக்கும்போது அந்தத் தரவை விரிப்பது சிபியு இல்லை. பிசியில் அதே வேலை சிபியுவில் விழலாம், விண்டோஸின் டைரக்ட்ஸ்டோரேஜ் வசதியை ஒழுங்காகப் பயன்படுத்தினால் கார்டில் விழலாம்.

12 நவம்பர்
திருத்தம். மேலே 6700 எக்ஸ்டி என்று எழுதியது தவறு. அதில் 40 யூனிட், 12 ஜிபி. 36 யூனிட் உள்ளது எக்ஸ்டி இல்லாத ஆர்எக்ஸ் 6700, 10 ஜிபி. அதன் நினைவக வேகம் 320 ஜிபிதான், ஆனால் 80 எம்பி இன்ஃபினிட்டி கேஷ் (கார்டின் சிப்பிலேயே உள்ள வேக நினைவகம்) இருப்பதால் சமாளிக்கிறது. பிஎஸ்5-இல் அந்தக் கேஷ் கிடையாது. யூனிட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து இணை சொல்வது ஆபத்து என்பதற்கு இதுவே உதாரணம்.

சீரிஸ் எக்ஸ் நினைவகமும் ஒரே வேகமில்லை. 10 ஜிபி விநாடிக்கு 560 ஜிபி வேகத்தில், மீதி 6 ஜிபி 336-இல். ஆட்டத்துக்குக் கிடைப்பது மொத்தம் 13.5 ஜிபி.

12 நவம்பர், மாலை
டிரெய்லரை வைத்துப் பிசி எப்படி இருக்கும் என்று சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு: முடியாது. 2025 மே 6 அன்று வந்த இரண்டாவது டிரெய்லர் பிஎஸ்5-இல் பிடித்தது, ஆட்டமும் கதைக்காட்சிகளும் பாதிக்குப் பாதி என்று ராக்ஸ்டாரே சொன்னது. அது கன்சோலுக்குச் சான்று. வீடியோ 30 பிரேமில் இருப்பதால் ஆட்டமும் 30 என்று முடிவுகட்டவும் கூடாது, ஏனென்றால் 60-இல் ஓடும் ஆட்டங்களுக்கும் 30-இல் டிரெய்லர் விடுவது வழக்கம். என் ஊகம் 30 பக்கம்தான், ஆனால் அதற்குக் காரணம் டிரெய்லர் இல்லை, மேலே சொன்ன சிபியு கணக்கு.

16 நவம்பர்
பிஎஸ்5 ப்ரோ (பிஎஸ்5-இன் வலுவான பதிப்பு) வாங்கினால் 60 கிடைக்குமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

ப்ரோவில் ஜிபியு 60 யூனிட், 16.7 டெராஃப்ளாப்ஸ் (கணக்குப் போடும் வேகம்), நினைவக வேகம் 576 ஜிபி, இயங்குதளத்துக்கென்று தனியாக 2 ஜிபி டிடிஆர்5, ரே டிரேசிங் பகுதியும் புதியது, பிஎஸ்எஸ்ஆர் என்ற அப்ஸ்கேலர் (சிறிய படத்தைப் பெரிதாக்கிக் கூராக்குவது) வேறு. சிபியு அதே ஜென் 2. ஒரு தனி நிலையில் 3.85 கிகாஹெர்ட்ஸ் போகும், சுமார் பத்து சதவீதம் கூடுதல்.

சாதாரண பிஎஸ்5-இல் ஒரு பிரேமுக்கான சிபியு வேலை 28 மில்லிவிநாடி எடுக்கிறது என்று வையுங்கள். பத்து சதவீதம் வேகம் கூட்டினால் அது 25.5 ஆகும். 16.7-க்கு அருகில்கூட வராது. ஆனால் 25-ஐக் கிட்டத்தட்டத் தொடுகிறது, அதாவது 40 பிரேம். சிபியு முட்டும் ஆட்டத்தில் ப்ரோ தரக்கூடியது கூர்மையான படமும் ஒருவேளை 40 பிரேமும். 60-க்காக மட்டும் ப்ரோ வாங்குவதாக இருந்தால் ஆட்டம் வந்து அளந்து பார்த்தபிறகு வாங்குங்கள்.

18 நவம்பர்
"40 என்றால் 30-ஐவிடப் பத்துதானே அதிகம்" என்ற பதிலுக்கு. பிரேம் எண்ணிக்கையில் பார்த்தால் 40 என்பது 30-க்கும் 60-க்கும் நடுவில் இல்லை. நேரத்தில் பார்த்தால் நட்டநடுவில் இருக்கிறது: 33.3, 25, 16.7. கைக்குத் தெரிவது நேரம்தான். பட்டனை அழுத்தியதும் வண்டி திரும்புவது 30-ஐவிடத் தெளிவாகச் சுறுசுறுப்பாகத் தெரியும்.

ஆனால் 40 ஒழுங்காக வர 120 ஹெர்ட்ஸ் டிவி (விநாடிக்கு 120 தடவை படத்தைப் புதுப்பிப்பது) வேண்டும். 120-ஐ 40 சரியாக மூன்றாக வகுக்கும், ஒவ்வொரு பிரேமும் மூன்று சுழற்சி நிற்கும். 60 ஹெர்ட்ஸ் டிவியில் 40 ஓடினால் ஒரு பிரேம் ஒரு சுழற்சி, அடுத்தது இரண்டு சுழற்சி என்று மாறி மாறி நின்று படம் துடிக்கும். அதனால்தான் 60 ஹெர்ட்ஸ் டிவியில் பல ஆட்டங்கள் அந்தத் தேர்வையே காட்டுவதில்லை.

விஆர்ஆர் (பிரேம் வரும் வேகத்துக்கேற்ப டிவி தன் வேகத்தை மாற்றிக்கொள்வது) இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. பிஎஸ்5-இல் விஆர்ஆர் வேலை செய்வது 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை. ஆட்டம் பூட்டின்றி 38-க்கும் 45-க்கும் இடையில் அலைந்தால் அது அந்த எல்லைக்கு வெளியே. ஆட்டமே பிரேமை இரட்டிப்பாக அனுப்ப ஏற்பாடு செய்தால்தான் உண்டு. எக்ஸ்பாக்ஸில் அந்த இரட்டிப்பு வேலையைக் கன்சோலின் இயங்குதளமே செய்யும். பிசியில் டிரைவர் செய்யும். இந்த ஒரு விஷயத்தில் பிஎஸ்5 பின்தங்கியிருக்கிறது.

22 நவம்பர்
இப்போது பிசி பக்கம். இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும்.

கன்சோலில் ஒரே ஜிபியு என்பதால் ஷேடர்கள் (ஒளி, நிறம் எப்படி வரைவது என்று ஜிபியுவுக்குச் சொல்லும் சிறு நிரல்கள்) முன்கூட்டியே மொழிமாற்றப்பட்டு ஆட்டத்தோடு வந்துவிடும். பிசியில் எத்தனையோ கார்டு, எத்தனையோ டிரைவர். ஒவ்வொரு சேர்க்கைக்கும் உங்கள் சிபியுவே அங்கேயே மொழிமாற்ற வேண்டும். ஆட்டம் தொடங்கும்முன் மொத்தமாகச் செய்தால் ஒருமுறை காத்திருப்பு. ஆடும்போது செய்தால் புதிதாக ஒரு வெடிப்போ மழையோ வரும் ஒவ்வொரு தடவையும் அரை இமைப்பு நேரம் படம் உறையும். டிரைவர் மாற்றினால் மொழிமாற்றிச் சேமித்த பழைய ஷேடர்கள் செல்லாது, மறுபடி முதலிலிருந்து.

இன்னொன்று, நகரத்தில் வேகமாக ஓட்டும்போது அடுத்த பகுதி ஏறும்போது வரும் திக்கல். இதற்கும் ஷேடருக்கும் சம்பந்தமில்லை. இதைக் கார்டு மாற்றித் தீர்க்க முடியாது. எஸ்எஸ்டி, ரேம், சிபியு மூன்றும் சேர்ந்த விஷயம்.

ராக்ஸ்டாரின் பிசி பதிப்புகள் முதல் நாளில் எப்படி இருந்தன என்பதையும் மறக்க வேண்டாம். ரெட் டெட் 2 பிசியில் வந்தபோது லாஞ்சரே திறக்காமல் பலருக்கு நின்றது. நான்கு கோர், நான்கு திரெட் மட்டும் உள்ள சிபியுக்களில் சில விநாடிகள் உறைந்து உறைந்து ஓடியது. அப்டேட்டில்தான் சரியானது. அதே பதிப்பு பின்னால் மிகச் சிறந்த பிசி பதிப்புகளில் ஒன்றாகவும் ஆனது. எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் பயன்படுத்திய சில அமைப்புகள் பிசியின் மிகக் குறைந்த நிலையைவிடவும் கீழே இருந்தன. அவ்வளவு மேலே போக இடம் கொடுத்திருந்தார்கள். பிசி பதிப்பை முதல் வாரத்தில் எடைபோடாதீர்கள், முதல் மாதத்தில் வாங்கவும் வாங்காதீர்கள்.

23 நவம்பர்
கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் சொல்லத்தான் வேண்டும். ஜிடிஏ ஆன்லைன் பிசியில் ஏற ஆறு நிமிடம் ஆன காலம் நினைவிருக்கிறதா? எஸ்எஸ்டி மாற்றினார்கள், சிபியு மாற்றினார்கள், பெரிதாகக் குறையவில்லை. 2021-இல் ஒரு பயனர் உள்ளே நுழைந்து பார்த்தார். சுமார் 10 எம்பி உள்ள ஒரு ஜேசான் (எழுத்து வடிவத் தரவு) கோப்பில் 63 ஆயிரம் பொருட்கள். ஒவ்வொன்றைப் படிக்கும்போதும் மீதிக் கோப்பின் நீளத்தை முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது நிரல். அவர் திருத்திய பிறகு ஏறும் நேரம் எழுபது சதவீதம் குறைந்தது. ராக்ஸ்டார் அதை ஏற்று மார்ச் மாத அப்டேட்டில் சேர்த்தது, அவருக்குப் பத்தாயிரம் டாலர் பரிசும் கொடுத்தது.

வன்பொருள் ஒப்பீடு எவ்வளவு செய்தாலும் இப்படி ஒரு வரி உள்ளே இருந்தால் எல்லாம் வீண். அதனால்தான் ஆட்டம் வரும்முன் "இந்தக் கார்டு போதும்" என்று உறுதி சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

27 நவம்பர்
கேள்வி கேட்டவருக்கு: உங்கள் பிசி எங்கே முட்டுகிறது என்பதை இன்றைக்கே கண்டுபிடிக்கலாம். ஜிடிஏ 5 போதும். விசின்க்கை (திரையின் வேகத்துக்குப் பிரேமைப் பூட்டும் அமைப்பு) அணையுங்கள். மக்கள் அடர்த்தி, தொலைவு அளவு இரண்டையும் முழுதாக ஏற்றுங்கள். மேம்பட்ட அமைப்புகளில் உள்ள நீட்டித்த தொலைவு அளவையும் ஏற்றுங்கள். இவை மூன்றும் சிபியுவை இழுப்பவை. ரிவாட்யூனர் என்ற அளவிடும் மென்பொருளில் பிரேம் நேர வரைபடத்தையும் ஒவ்வொரு கோரின் சுமையையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். நடுப்பகலில் நகர மையத்தில் ஒரே சுற்றை மூன்று தடவை ஓட்டுங்கள், முதல் சுற்றை விட்டுவிடுங்கள், ஏனென்றால் அதில் எல்லாம் புதிதாக ஏறும்.

பிறகு ரெசல்யூஷனை மட்டும் 720-க்கு இறக்கி அதே சுற்று. பிரேம் நன்றாக ஏறினால் முட்டியது கார்டு. அப்படியே நின்றால் முட்டியது சிபியு.

சராசரியைப் பார்க்காதீர்கள். வரைபடத்தில் கோடு தட்டையாக இருக்கிறதா, ஊசி ஊசியாகக் குத்துகிறதா என்று பாருங்கள். சராசரி 75 இருந்து அடிக்கடி 50 மில்லிவிநாடிக்குப் பாய்ந்தால் அது 40-இல் பூட்டிய கன்சோலைவிட மோசமான அனுபவம். ஒரு எச்சரிக்கை: ஜிடிஏ 5-இன் பழைய பிசி பதிப்பு 187 பிரேம் பக்கம் போனால் தானாகத் திக்கும். அது இன்ஜினின் எல்லை, உங்கள் பிசியின் குறை இல்லை. 720-இல் அவ்வளவு போனால் 160-இல் பூட்டிவிட்டு அளக்கவும்.

29 நவம்பர் (கேட்டவர்)
செய்து பார்த்தேன். 720-க்கு இறக்கினாலும் மூன்று நான்கு பிரேம்தான் கூடியது. கார்டு அறுபது சதவீதத்தில் நிற்கிறது. ஊசிகள் நிறைய. ரேம் 2133 என்று காட்டுகிறது, பெட்டியில் 3600 என்று போட்டிருந்ததே?

29 நவம்பர், இரவு
அதுதான் விஷயம். பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி, அதாவது ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடவிடும் அமைப்பு, போடவே இல்லை. ஜென் 2-இல் ரேம் வேகமும் சிப்பின் உள் இணைப்பு வேகமும் கட்டிப்போட்டவை. 3600-இல் ரேம் ஓடினால் உள் இணைப்பு 1800-இல் ஓடும், அதுதான் அந்தச் சிப்புக்கு நல்ல இடம். பயாஸில் எக்ஸ்எம்பி முதல் சுயவிவரத்தைத் தேர்ந்தெடுங்கள், சேமித்து மறுதொடக்கம். பிசி மேலே வராமல் இரண்டு மூன்று தடவை தானே அணைந்து எழுந்தால் பயப்பட வேண்டாம், ரேமைப் பழக்கிக்கொள்கிறது. அப்படியும் நிலையில்லை என்றால் 3200-க்கு இறக்குங்கள். ரேம் இரண்டு குச்சி என்றால் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் செருகியிருந்தால் ஒற்றைச் சேனலில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

காசு செலவில்லாத முதல் படி இது. அடுத்த படி கார்டு இல்லை, அதே போர்டில் உட்காரும் 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி சிபியு, கிடைத்தால். எல்3 கேஷ் 96 எம்பி. இந்த மாதிரி ஆட்டங்களில் ஊசிகளை மழுக்குவது அதுதான். சிப்பை மாற்றும் முன் பழைய சிப் இருக்கும்போதே பயாஸ் அப்டேட் செய்துவிடுங்கள். வரிசையை மாற்றினால் கறுப்புத் திரைதான்.

1 டிசம்பர் (கேட்டவர்)
ரேம் இப்போது 3600-இல் நிலையாக ஓடுகிறது. ஊசிகள் பாதியாகக் குறைந்தன. நன்றி.

3 டிசம்பர்
கன்சோல் எடுக்கப்போகிறவர்களுக்கு இடப் பிரச்சினை. முதல் பிஎஸ்5-இல் 825 ஜிபி என்று போட்டிருந்தாலும் பயன்படுவது 667. சீரிஸ் எக்ஸில் 802. 512 ஜிபி சீரிஸ் எஸில் 364. ரெட் டெட் 2 பிசியிலேயே 150 ஜிபி கேட்டது.

பிஎஸ்5-க்கு எம்.2 (குச்சி வடிவ எஸ்எஸ்டி) போடுவதாக இருந்தால்: பிசிஐஇ நான்காம் தலைமுறை என்விஎம்இ, படிக்கும் வேகம் விநாடிக்கு 5,500 எம்பி அல்லது அதற்கு மேல், ஹீட்சிங்க் (சூடு இறக்கும் உலோகத் தகடு) கட்டாயம், அதோடு சேர்த்து மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பிசி போர்டுக்கென்று விற்கும் தடித்த ஹீட்சிங்க் இங்கேதான் மாட்டிக்கொள்ளும், மூடி மூடாது. உள்ளே ஒரு சிறு வளையம் நீளத்துக்கேற்ற துளையில் இருக்க வேண்டும். 2280 (80 மில்லிமீட்டர் நீள) டிரைவ் என்றால் வளையத்தை 80 என்ற குறிக்கு நகர்த்துங்கள். நகர்த்தாமல் திருகை முறுக்கினால் டிரைவ் வளையும். சாய்த்துச் செருகி, அழுத்திப் படுக்கவைத்து, திருகை மெதுவாக. பிறகு கன்சோலே ஃபார்மேட் கேட்கும், வேகத்தையும் அளந்து காட்டும்.

எக்ஸ்பாக்ஸில் இந்த வேலை இல்லை. பின்னால் செருகும் தனிச் சேமிப்புக் கார்டுதான், யூஎஸ்பி டிரைவில் இந்தத் தலைமுறை ஆட்டத்தை வைத்திருக்கலாம், ஆட முடியாது.

7 டிசம்பர்
டிவியில் எச்டிஆர் (ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வீச்சைக் கூட்டும் படம்) மங்கல் என்று வரும் புகார்களில் பெரும்பகுதி வரிசை தவறுவதால். முதலில் டிவியில் கேம் மோட், அதில் எச்ஜிஐஜி என்ற எச்டிஆர் நிலை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அதன்பிறகுதான் பிஎஸ்5-இன் எச்டிஆர் சரிசெய்தல். முதல் இரண்டு திரையிலும் குறி மறையும் புள்ளியில் நிறுத்துங்கள், அதற்கு மேல் போகாதீர்கள். மூன்றாவதில் முழுக்கக் கீழே. 120 ஹெர்ட்ஸ் வராவிட்டால் டிவியில் அந்தக் குறிப்பிட்ட எச்டிஎம்ஐ துளைக்கு மேம்பட்ட வடிவம் என்ற அமைப்பு அணைந்திருக்கும், அல்லது தவறான துளையில் செருகியிருப்பீர்கள். எல்லாத் துளையும் 120 ஏற்காது.

10 டிசம்பர்
பிசியில் டூயல்சென்ஸ் (பிஎஸ்5-இன் கைப்பிடிக் கருவி): பெரும்பாலான ஆட்டங்களில் நுண்ணதிர்வு முழுதாக வர யூஎஸ்பி கேபிள் வேண்டும், புளூடூத்தில் வராது.

மாட்கள் (ரசிகர்கள் ஆட்டத்தில் சேர்க்கும் மாற்றங்கள்) பற்றிக் கேட்டவருக்கு: பிசியின் மிகப் பெரிய பலம் அதுவே, பிரேம் இல்லை. ஜிடிஏ 5-க்கான ஃபைவ்எம் என்ற ஆன்லைன் மாட்டைச் செய்யும் குழுவை ராக்ஸ்டார் 2023 ஆகஸ்டில் தன்னோடு சேர்த்துக்கொண்டது, அதனால் பிசியை அவர்கள் கைவிடுவார்கள் என்று நினைக்கக் காரணமில்லை. லினக்ஸில் ஆடுபவர்கள் கவனம்: 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற ஏமாற்றுத் தடுப்பு நிரல் வந்தபிறகு, லினக்ஸில் ஓடும் ஸ்டீம் டெக் கைக்கருவியில் ஜிடிஏ ஆன்லைன் நின்றுவிட்டது. கதைப்பகுதி ஓடும்.

14 டிசம்பர்
முதல் குறிப்பில் சொன்னதில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். "கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும்" என்றேன். பிரேம் உருவாக்கும் வசதி வந்தபிறகு அது முழு உண்மை இல்லை. சிபியு 45 பிரேம் கொடுத்தாலும் கார்டு நடுவில் ஒன்றைச் செருகித் திரையில் 90 காட்டும். ஆனால் கைக்குக் கிடைக்கும் பதில் 45-க்குரியதுதான், இன்னும் கொஞ்சம் தாமதம்கூடச் சேரும். ஊசிகளும் அப்படியே இருக்கும். கண்ணுக்கு வழவழப்பு, கைக்கு இல்லை.

சீரிஸ் எஸ் பற்றி ஒரு வார்த்தை. மொத்தம் 10 ஜிபி நினைவகம், 4 டெராஃப்ளாப்ஸ். அதிலும் இந்த ஆட்டம் ஓடியாக வேண்டும். பிசி பதிப்பின் தாழ்ந்த அமைப்பு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் வெளியாகும் அன்று முதலில் பார்க்க வேண்டியது ப்ரோ வீடியோவை இல்லை, சீரிஸ் எஸ் வீடியோவை. அதில் நெரிசலான தெருவில் ஆட்கள் எண்ணிக்கை பிஎஸ்5-க்குச் சமமாக இருந்தால் சிபியு வேலையைக் குறைக்க அவர்களுக்கு வழியில்லை என்று அர்த்தம். அந்த நாளில் 3600 வைத்திருப்பவர் 30-க்கோ 40-க்கோ பூட்டி ஆடத் தயாராக வேண்டும். ஆட்கள் குறைவாக இருந்தால் அந்த அடர்த்தி அமைப்பு பிசியிலும் வரும், பழைய சிப்புக்கும் வழி திறக்கும்.